கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் ஓவியச் சீரமைப்பு: பார்க்கப் போகலாமா, அது சரியான வேலைதானா?

கோலாலம்பூர்ச் செந்தூலிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகும்போது கென்ட் நகரத்துக்கும் போக இருக்கிறார். அங்குள்ள புகழ்பெற்ற பேராலய ஓவியத்தைப் பொதுமக்கள் கண்ணெதிரே கண்ணாடிக்குப் பின்னால் சீர்செய்கிறார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறார். அரைகுறையாக நிற்கும் வேலையைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்பது அவருடைய முதல் கேள்வி. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் தீட்டிய வண்ணத்தைச் சுரண்டி எடுப்பது நியாயமா என்பது இரண்டாவது. நம் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் புதிதாகச் சாயம் அடித்துக் குடமுழுக்கு நடத்துகிறோமே, அவர்கள் மட்டும் ஏன் இப்படி ஆண்டுக்கணக்கில் இழுக்கிறார்கள் என்பது மூன்றாவது.

போய்ப் பாருங்கள், அம்மா. முடிந்தால் இரண்டு நாள் ஒதுக்கிப் பாருங்கள். நான் பினாங்கில், ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களில் சுண்ணாம்புக் காரையையும் அதன்மேல் இருக்கும் வண்ண வேலைகளையும் சீர்செய்யும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். 2017ஆம் ஆண்டு இறுதியில் கென்ட் நகரில் மூன்று நாள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறேன். என் தொழிலைப் பற்றி அந்த மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டது அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கற்றதைவிட அதிகம்.

ஓவியத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே நடப்பது புரியும். ஹூபர்ட் வான் ஐக் தொடங்கி, அவர் 1426-ல் இறந்தபின் அவருடைய தம்பி யான் வான் ஐக் முடித்த பீட ஓவியம் அது. முடிந்த நாள் 1432 மே 6 என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஓக் மரப் பலகைகளின்மேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. பன்னிரண்டு பலகைகளில் எட்டு, கதவுபோலத் திறந்து மூடக்கூடியவை. அவற்றின் இருபுறமும் ஓவியம் உண்டு. திறந்து வைத்தால் நாலரை மீட்டருக்கு மேல் அகலம். கீழ்வரிசை நடுப் பலகையில் பீடத்தின்மேல், இயேசுவைக் குறிக்கும் ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. அதன் நெஞ்சிலிருந்து வழியும் இரத்தம் கிண்ணத்தில் விழுகிறது. நான்கு திசையிலிருந்தும் கூட்டம் கூட்டமாக மக்கள் அதை வணங்க வருகிறார்கள். இது வெறும் காட்சிப்பொருள் அன்று. இதன் முன்னால் திருப்பலி நடந்தது, மக்கள் முழந்தாளிட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் மூன்றாவது கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

அது பட்ட பாடும் கொஞ்சமில்லை. 1566-ல் திருவுருவங்களை உடைக்கும் கலவரம் வந்தபோது பேராலயக் கோபுரத்தில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1794-ல் நடுப் பலகைகளைப் பிரெஞ்சுப் படை பாரிசுக்குக் கொண்டுபோனது. அவை 1815-ல் திரும்பின. அதற்கு அடுத்த ஆண்டே பக்கப் பலகைகள் பலவற்றை விற்றுவிட்டார்கள். அவை பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே இருபுறத்தையும் ஒரே நேரத்தில் சுவரில் மாட்டுவதற்காகப் பலகைகளைத் தடிமன்வாக்கில் இரண்டாக அறுத்தார்கள். பழையதைச் சீர்செய்பவன் என்ற முறையில் இந்தச் செய்தியை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். 1934-ல் ஒரு பலகை திருடுபோனது. இன்று வரை கிடைக்கவில்லை, அதன் இடத்தில் இருப்பது நகல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கவர்ந்து சென்று ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கம் ஒன்றில் பதுக்கினார்கள். இத்தனைக்கும் பிறகும் வண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே பெரிய வியப்பு.

2012 அக்டோபரில் பெல்ஜியத்தின் அரச கலைப் பண்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த வல்லுநர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஓவியத்தை மொத்தமாக ஒளித்து வைக்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் சில பலகைகளை மட்டும் கென்ட் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், மற்றவற்றைப் பேராலயத்திலேயே விட்டு வைத்தார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்தைக் கண்ணாடியால் தடுத்து, உள்ளே வேலையும் வெளியே பார்வையாளரும் என்று அமைத்தார்கள். வெளிப்புறப் பலகைகள் 2016 வரை, உட்புறக் கீழ்வரிசை 2019 வரை என்று இரண்டு கட்டங்கள் முடிந்தன. மேல்வரிசைக்கான மூன்றாம் கட்டம் 2023-ல் தொடங்கியது.

இனி, கண்ணாடிக்கு முன் நின்றால் என்ன தெரியும் என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே தெரியாது. ஒரு பெண்மணி நுண்ணோக்கியில் கண்களைப் பதித்து உட்கார்ந்திருந்தார். அந்த நுண்ணோக்கி, பல் மருத்துவர் அறையில் விளக்கு தொங்குமே, அதுபோல நீண்ட கையொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய வலக்கையில் அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படும் சிறு கத்தி. மணிக்கட்டு ஒரு தாங்குகட்டையின்மேல். கத்தி நகர்வதே எனக்குத் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து அவர் நிமிர்ந்து, மென்மையான தூரிகையால் தூள்களை ஒதுக்கி, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அப்போதுதான் என் கண்ணுக்கும் பட்டது. மங்கிப்போன பச்சை ஆடை ஒன்றின் மடிப்பில், விரல் நகம் அளவு இடத்தில் மட்டும் பச்சை வேறு மாதிரி இருந்தது. சுற்றியிருந்த பச்சை தட்டையாக, இருண்டு கிடந்தது. அந்த நக அளவு இடத்தில் துணிக்குள் வெளிச்சம் இறங்குவது தெரிந்தது. மாலை வரை நின்றேன். அந்த இடம் ஒரு தபால்தலை அளவுக்குக்கூட வளரவில்லை.

ஏன் இந்த மெதுவான வழி என்பதற்குக் காரணம் இருக்கிறது. மேலே பூசியிருக்கும் வார்னிஷ் மஞ்சளாகிவிட்டால், தகுந்த கரைப்பானில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுக்கலாம். பின்னாளில் வேறொருவர் மேலே தீட்டிய மேற்பூச்சு வண்ணமோ பல நூற்றாண்டுகளாகக் காய்ந்து இறுகிய எண்ணெய். அதைக் கரைக்கும் வீரியமுள்ள கரைப்பான் அதற்கடியில் இருக்கும் வான் ஐக்கின் எண்ணெய் வண்ணத்தையும் பதம் பார்த்துவிடும். ஆகவே நுண்ணோக்கியின் கீழ்க் கத்தியால் படலம் படலமாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மேலிருப்பது மேற்பூச்சுத்தான், வான் ஐக் தன் கையால் செய்த திருத்தம் இல்லை என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்விதான் மொத்த வேலைக்கும் அடித்தளம். விரிசலைப் பாருங்கள் என்று என் ஆசிரியர் சொல்வார். வண்ணம் காய்ந்து, மரம் அசைந்து, நுண்ணிய விரிசல் விழப் பல பத்தாண்டுகள் ஆகும். மேல் வண்ணம் அந்த விரிசலுக்குள் இறங்கி நிரம்பியிருந்தால், விரிசல் விழுந்த பிறகுதான் யாரோ அதைப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்த சான்று, குண்டூசி முனையளவு துணுக்கை எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பது. லேப்பிஸ் பலகாரத்தை வெட்டினால் அடுக்கடுக்காகத் தெரிவதுபோல, சுண்ணத் தளம், அதன்மேல் வண்ண அடுக்குகள், அதன்மேல் பழைய வார்னிஷ், அதில் படிந்த அழுக்கு, அதற்கும்மேல் இன்னொரு வண்ணம் என்று வரிசை தெரியும். இரண்டு வண்ணங்களுக்கு நடுவே வார்னிஷும் அழுக்கும் இருந்தால், நடுவே காலம் கடந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மூன்றாவதாக, ஊடுகதிர் கொண்டு பலகை முழுவதையும் வருடி, ஈயம் எங்கே, பாதரசம் எங்கே, செம்பு எங்கே என்று தனிமம் வாரியாகப் படம் எடுக்கிறார்கள். மேலே தெரியும் உருவமும் தனிமப் படத்தில் தெரியும் உருவமும் பொருந்தாத இடத்தில், அடியில் வேறொன்று மறைந்திருக்கிறது.

இப்படித்தான் அந்த ஆட்டுக்குட்டியின் முகம் வெளிவந்தது. 1950, 51-ல் நடந்த சீரமைப்பில் தலையைச் சுற்றியிருந்த மேற்பூச்சில் ஒரு பகுதியை மட்டும் எடுத்திருந்தார்கள். வான் ஐக் தீட்டிய காதுகள் வெளிப்பட்டன. பின்னாளில் தீட்டிய காதுகளும் அப்படியே இருந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் குட்டி நான்கு காதுகளோடு நின்றது. இப்போது மேற்பூச்சை முழுவதும் எடுத்தபோது, முகம் சுருங்கியது. கண்கள் நெருங்கி, முன்னோக்கி, பார்ப்பவரை நேராக நோக்குகின்றன. மனித முகத்தின் சாயல் அதில் உண்டு. 2018-ல் அந்த முகம் வெளியானதும் உலகம் முழுவதும் சிலர் திகைத்தார்கள். சிலர் கேலி செய்தார்கள். அந்த நோக்கு யாரையும் தப்பவிடுவதில்லை. வந்து வணங்கும் கூட்டத்தில் ஒருவராக உங்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. முன்பிருந்த முகத்தில், சாந்தமாக எங்கோ பார்த்த அந்தக் கண்களில், இது இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் யாரோ ஒருவருக்கு இந்த நேர்நோக்கு பொறுக்க முடியாமல் போயிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: அந்த யாரோ ஒருவரின் வண்ணத்தை எடுக்க இவர்களுக்கு என்ன உரிமை? இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 1550-ல் லான்செலோட் பிளோண்டீல், யான் வான் ஸ்கோரல் என்ற இரண்டு ஓவியர்கள் இந்தப் பலகைகளைத் தூய்மை செய்தபோது, அன்பு மேலீட்டால் ஓவியத்தைப் பல இடங்களில் முத்தமிட்டார்கள் என்று அந்த நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். பழையதன்மேல் கைவைத்தவர்கள் எல்லாரும் அலட்சியக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இதில் எனக்கு வழிகாட்டுவது நம் தஞ்சாவூர். 1010-ல் முடிந்த பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ல் உள்ளே போய்ப் பார்த்தபோது, மேற்காரை பெயர்ந்த இடத்தில் அடியில் இன்னோர் ஓவியம் எட்டிப் பார்த்தது. அதுதான் சோழர் ஓவியம்: சுந்தரரின் வரலாறு, தில்லைக் கூத்தன், முப்புரம் எரித்த வீரன். அடியில் இருப்பது அரியது என்பதற்காக மேலே இருந்ததை அழித்துவிட முடியாது. நாயக்கர் ஓவியமும் தன்னளவில் ஒரு படைப்பு. இந்தியத் தொல்லியல் துறையினர் மேல் அடுக்கைக் காரையோடு பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டித் தனியே காத்தார்கள். இரண்டும் பிழைத்தன.

இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு புலப்படும். தஞ்சையில் மேலே வந்தவர் தமக்கென்று ஒரு காரைத் தளம் இட்டு, தம் காலத்துக் கதையைத் தம் கோட்டில் எழுதினார். கென்ட்டில் மேலே வந்தவர், ஆட்டுக்குட்டியின் முகம் போன்ற சில இடங்களைத் தவிர, புதிதாக எதையும் சொல்லவில்லை; அடியில் இருந்த அதே ஆடையை, அதே வானத்தை, தேய்ந்த இடத்தை மறைப்பதற்காகத் தடிமனாகத் திருப்பிப் பூசினார். கீழே இருந்தது பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்ததால், அந்த மறைப்புக்குத் தேவையும் இல்லாமல் போயிற்று. ஆகவே கென்ட்டில் எடுத்தது சரி, தஞ்சையில் அழிக்காமல் பெயர்த்ததும் சரி என்பது என் முடிவு. வெளிப்புறப் பலகைகளில் வார்னிஷை மட்டும் எடுப்பதாகத்தான் கென்ட்டில் தொடங்கினார்கள். மேற்பூச்சு இவ்வளவு பரந்து கிடக்கிறது என்று பிறகு தெரிந்ததும், பல நாட்டு வல்லுநர்களைக் கலந்து, கூடுதல் காலமும் பணமும் பெற்று, அதன் பிறகே கத்தியை எடுத்தார்கள். எடுத்தது திரும்ப வராது என்பதை அவர்கள் ஒரு நாளும் மறக்கவில்லை.

பொதுமக்கள் முன்னால் செய்வதற்கும் இதுதான் காரணம் என்று கருதுகிறேன். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தை 1980 முதல் 1994 வரை சீர்செய்தபோது, மைக்கேலாஞ்சலோ தன் கையால் இட்ட நிழல்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்று சில அறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். அந்தச் சர்ச்சை இன்றும் ஓயவில்லை. பிரான்ஸின் கோல்மார் நகரில் குரூன்வால்ட் தீட்டிய பீட ஓவியத்தில் 2011-ல் வார்னிஷை மிக விரைவாக எடுக்கிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்து, வேலையையே நிறுத்த வேண்டி வந்தது. பிறகு 2018 முதல் 2022 வரை நிதானமாக, பார்வையாளர் பார்க்கும்படியே அதைச் செய்து முடித்தார்கள். கண்ணாடிக்கு முன் நிற்பவருக்கு வேதியியல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவசரம் இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

நம் கோயில்களுக்கு வருகிறேன். குடமுழுக்கை நான் குறை சொல்ல மாட்டேன். கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் நம் நாட்டு மழையிலும் வெயிலிலும் பன்னிரண்டு ஆண்டு தாங்குவதே பெரிது. சாமிக்குப் புதுத் துணி சாத்துவதுபோல அவற்றுக்குப் புதுச் சாயம் பூசுவது நம் வழிபாட்டோடு ஒட்டிய முறை. அதைச் செய்யாவிட்டால் சுதையே இற்றுப்போகும். ஆனால் மண்டபத்துக்குள் சுவரிலும் விதானத்திலும் ஒருவர் கையால் எழுதிய ஓவியம் அந்தக் கணக்கில் சேராது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயில் விதானத்தில் வள்ளி திருமணம் எழுதியிருந்தது. தினைப்புனத்தில் கிழவர் வேடத்தில் நிற்கும் முருகனின் காலடியில், வேடத்தை மறந்ததுபோல மயில் ஒன்று தோகையைச் சற்றே விரித்து நிற்கும். பூசை முடியும் வரை கழுத்து வலிக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு குடமுழுக்கின்போது திருப்பணிக் குழுவினர், நல்ல எண்ணத்தோடுதான், விதானம் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து எனாமல் பெயிண்டில் புதுப்படம் எழுத வைத்தார்கள். பழையதை ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை. எழுதியவர் யார் என்று கேட்டால் சொல்ல இன்று யாருமில்லை.

அதோடு முடியவில்லை. சுண்ணாம்புக் காரை மூச்சுவிடும் பொருள். மழைக்காலத்தில் வாங்கும் ஈரத்தை வெயில்காலத்தில் வெளியே விடும். அதன்மேல் எனாமலைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். காரையில் இருக்கும் உப்பு பெயிண்டுக்கு அடியில் பூத்து, கொப்புளம் கட்டி, காரையோடு சேர்த்துத் தள்ளிவிடும். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் நான் அன்றாடம் பார்ப்பது இது. எங்கள் கோயில் விதானத்திலும் ஐந்தே ஆண்டில் அதுதான் நடந்தது; புதுப்படமும் போயிற்று, அதற்கடியில் மிச்சமிருந்த பழைய வண்ணமும் அதோடு உதிர்ந்தது.

உங்கள் கோயிலில் அடுத்த திருப்பணி வரும்போது கென்ட்டைப்போல ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாலாலயம் செய்வதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, சுவர், விதானம் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில், அருகிலிருந்தும் தள்ளியிருந்தும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எழுதிய கை யாருடையது என்று ஊரில் மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கையால் எழுதிய பழைய ஓவியம் இருந்தால் அதைத் தேய்க்காமல், தூசியை மட்டும் காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, விவரம் தெரிந்தவரை அழைக்கும் வரை விட்டுவைக்கச் சொல்லுங்கள். காரைச் சுவரில் எனாமல் வேண்டாம். இதற்குப் பெரிய செலவில்லை.

பயணத்துக்கு உதவியாகச் சில விவரங்கள். பேராலயமும் அருங்காட்சியகமும் வேறு வேறு இடங்கள், நடந்தே போய்விடலாம். எந்தப் பலகைகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று புறப்படும் முன் இரண்டு இடத்தின் அறிவிப்புகளையும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் போயிருந்தபோது சனி, ஞாயிறுகளில் கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை, ஆகவே வேலை நாளில் போங்கள். பறவை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கி ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் கத்தி முனை வரை தெரியும். ஓவியம் முழுவதையும் மிக நுண்ணிய படங்களாக, சீரமைப்புக்கு முன்னும் பின்னும், இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். செந்தூலில் வீட்டிலிருந்தபடியே ஆட்டுக்குட்டியின் இரண்டு முகங்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். அங்கே முதல் நாள் ஏதாவது ஒரு சிறு இடத்தை, ஓர் ஆடை மடிப்பையோ ஒரு கையையோ, உங்களுக்கென்று தேர்ந்தெடுத்து நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, ஊர் திரும்பும் முன், அதே இடத்தைப் போய்ப் பாருங்கள்.